சத்தம் வந்த பக்கம்

தாயில்பட்டிக் குருவம்மா பரீட்சை ஹால்ல இருந்து பாதியில ஓடுனதப் பத்தி ஆளாளுக்கு ஒரு கதை சொல்றாக. கேள்வியப் பாத்ததும் மயக்கம் வந்துருச்சாம், பதில் தெரியாம எந்திரிச்சுப் போயிட்டாளாம், கூட எட்டுப் பேத்தையும் கெடுத்துட்டாளாம். சொல்றவுக வாயில வசம்ப வச்சுத்தான் தேய்க்கணும். அவளுக்குப் பக்கத்துப் பெஞ்சுல உக்காந்து அதே பரீட்சைய எழுதுனவ நான். எனக்குத் தெரியாத கதையா?

என் பேரு தஸ்லிமா. திருத்தங்கல்ல எங்க வீட்டுக்காரவுக முஹ்சின், பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிக்கிற பேப்பர் வாங்கி விக்கிறாக. தீபாவளி முடிஞ்சுட்டா எங்க பக்கம் பூரா சத்தம் செத்துப் போகும். பிரஸ்ஸு ஓடாது, லாரி வராது, பட்டாசுக் கம்பெனியெல்லாம் பூட்டிக் கெடக்கும். கார்த்திகைக் கடைசியில பூஜை போட்டுத்தான் மறுபடி தொறப்பாக. அதுவரைக்கும் மழை மட்டும் பெய்யும். ரெண்டாயிரத்து மூணுல அப்பிடி ஓய்வா இருந்த நாளாப் பாத்து, ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்காரக எங்க ஊர்ல ஏஜெண்டு வகுப்பு ஆரம்பிச்சாக. பேரு குடுத்த மறுநாளே பையத் தூக்கிட்டுக் கெளம்புற காலமெல்லாம் மலையேறிப் போச்சாம். லைசென்சு வேணும்னா நூறு மணி நேரம் வகுப்புல உக்காரணும், அப்புறம் விருதுநகர் போயி பரீட்சை எழுதிப் பாஸாகணும்.

"சீரியல் பாத்து அழுற நேரத்துக்குப் போயி நாலெழுத்துப் படி"ன்னு எங்க வீட்டுக்காரவுக சொல்லிட்டாக. எனக்கும் ரோசம் வந்துருச்சு. போயிப் பாத்தா, பூட்டிக் கெடந்த ஒரு பிரஸ்ஸுக்கு மாடியில வகுப்பு. மை வாடையும் பசை வாடையும் மூக்கத் துளைக்கும். எங்களுக்குப் பாடம் எடுக்க மதுரையில இருந்து லட்சுமிகாந்தம்னு ஒரு சார் வந்தாரு. நல்ல மனுசன், ஆனா எல்லாத்தையும் ரெண்டு தடவ சொல்லுவாரு.

டவுன்காரகளுக்குப் பன்னெண்டாவது கேட்டாக, சின்ன ஊர்க்காரகளுக்குப் பத்தாவது போதும்னு விதி. அதனால வெம்பக்கோட்டைப் பக்கத்துப் பட்டாசு ஊர்கள்ல இருந்து ஒம்பது பொம்பளைக வந்து சேந்தாக. அதுல ஒருத்திதான் குருவம்மா. தாயில்பட்டிக்குத் தெக்க ஒரு குட்டி ஊரு அவளுக்கு. நாங்க தாயில்பட்டிக் குருவம்மான்னே கூப்பிட்டோம். முப்பத்தஞ்சு வயசிருக்கும், ஒல்லி, பேசுனா நமக்குக் கேக்காது. ஆனா நோட்டுல எழுதுறது அச்சடிச்ச கணக்கா இருக்கும்.

ஒரு நாள் சார், "ரிஸ்க்குன்னா என்ன, ரிஸ்க்குன்னா என்ன?"ன்னு கேட்டுட்டு அவரே பதிலும் சொன்னாரு. கெணறு வெட்டுறவுக, சுரங்கத்துல வேலை பாக்குறவுக, பட்டாசுத் தொழிலாளிக, இவுகளுக்கெல்லாம் பிரீமியம் கூடக் கட்டணும், தொழில மறைச்சு எழுதுனா பின்னால ஒண்ணும் கெடைக்காதுன்னாரு. பின்னாடி பெஞ்சுல இருந்து முத்துப்பேச்சின்னு ஒருத்தி, அவ வாயாடி, எந்திரிச்சா.

"சார், கம்பெனியில கூலியக் கொறைக்காக. நீக வந்து கட்டுறதக் கூட்டுறீக. நடுவுல நாங்க என்னத்தத் திங்க?"

மாடியே சிரிச்சுச்சு. சாரும் சிரிச்சுட்டாரு.

இன்னொரு நாளு, வாடிக்கையாளர்கிட்டப் பேசிப் பழகணும்னு எங்கள ஜோடி ஜோடியா நிப்பாட்டுனாரு. குருவம்மா ஏஜெண்டு, நான் வாடிக்கையாளரு. "ஒங்களுக்கு ஒண்ணு ஆயிட்டா, ஒங்க குடும்பத்த யாரு பாப்பா?"ன்னு அவ எங்கிட்டக் கேக்கணும்.

"அக்கா, நீக நல்லா இருக்கணும்"னா.

"அது வாழ்த்தும்மா. கேள்வியக் கேளுங்க"ன்னாரு சார்.

"நீக நூறு வருசம் நல்லா இருக்கணும்க்கா. ஒங்க பிள்ளைகுட்டியெல்லாம் நல்லா இருக்கணும்." முகமெல்லாம் வேர்த்துப் போச்சு. "சார், வெளக்கு வைக்கிற நேரம். இப்பப் போயி அந்தப் பேச்சப் பேசக்கூடாது."

"சரி, நாளைக்குக் காலையில கேளுங்க."

மறுநாக் காலையில, "சார், காலங்காத்தால எப்பிடி சார்?"ங்கிறா.

சாரு தலையில கைய வச்சுட்டாரு. எனக்கு அப்பச் சிரிப்புத்தான் வந்துச்சு. பட்டாசுக் கம்பெனி வேன் ஏறி வேலைக்குப் போற பொம்பளைக்கு அந்தப் பேச்சு எம்புட்டுப் பக்கத்துல இருக்குன்னு அவ வீட்டுக்குப் போன அன்னைக்கித்தான் தெரிஞ்சுச்சு.

ஒரு ஞாயித்துக்கெழம, பழைய கேள்வித்தாள எடுத்துக்கிட்டு சிவகாசி வழியா பஸ் பிடிச்சுப் போனேன். கரிசக்காடு பூரா தண்ணி நின்னுச்சு. எறங்கி நடந்தா செருப்புல பாதி ஊரு ஒட்டிக்கிட்டு வருது. குருவம்மா வாசல்லயே நின்னு, "வாங்கக்கா, வாங்கக்கா, இம்புட்டு மளையில வந்தீகளே"ன்னு சொம்புத் தண்ணி ஊத்திக் கால் கழுவவிட்டா. ரேசன் அரிசிச் சோறும், சீனியவரைக்கா வத்தக் கொழம்பும், சுட்ட கருவாடும் வச்சா. வெளிய மழை, உள்ள கருவாட்டு வாசம். நான் ரெண்டாந்தரமும் வாங்கிச் சாப்பிட்டேன். எதுக்கு மறைக்கணும்?

அவ மக சினேகா ஒம்பதாவது படிக்கிறா. கேள்வி கேக்க அவதான் வாத்தியாரு. அம்மா தப்பாச் சொன்னா, "எம்மா, நல்லா யோசிச்சுச் சொல்லு"ன்னு அதட்டுவா. நல்லாத்தான் படிச்சிருந்தா குருவம்மா. பத்துக் கேட்டா எட்டுக்குச் சரியாச் சொன்னா.

மதியத்துக்கு மேல புருசன் வெள்ளைத்துரை வந்தாரு. கம்பெனி பூட்டுன காலத்துல வேலிக்கருவ வெட்டிக் கரிமூட்டம் போடப் போவாரு. மழையில மூட்டம் நனைஞ்ச கடுப்போட வந்தாரு. கை பூராக் கரி, ஆனா நகக்கண்ணுல மட்டும் வெள்ளி மாதிரி மினுங்குச்சு. பட்டாசுக்கு மருந்து கலக்குறவரு, அந்த அலுமினியப் பவுடர் எத்தனை குளிச்சாலும் போகாதாம்.

"வாங்கக்கா. சாப்பிட்டீகளா?"ன்னு மரியாதையாத்தான் கேட்டாரு. உக்காந்ததும் ஆரம்பிச்சுட்டாரு. "ஒங்க சிநேகிதி வீடுவீடாப் போயி, நீ செத்தா இம்புட்டு, ஒம் பொஞ்சாதி செத்தா இம்புட்டுன்னு வெல சொல்லப்போறாளாமே? எங்கூர்க்காரி வெளக்கமாத்த எடுக்காம இருந்தாச் சரி."

"வெளக்கமாத்துக்கும் சேத்து பாலிசி போட்ருவோம் தம்பி"ன்னேன்.

சிரிச்சாரு. சிரிச்சுட்டு, "இவளுக்கு எதுக்குக்கா இந்தச் சோலி? ஒளுங்கா என்கூட வேலைக்கி வந்தா ரெண்டு கூலி. கேட்டா பயமாம். பயம்! பயந்தவ இந்த ஊர்ல பொறந்திருக்கக் கூடாது. நானும்தான் மருந்துக்குள்ள கெடக்கேன். எனக்கில்லாத பயமா?"

கடைசி வார்த்தையில கோவம் ஏறிப் போச்சு. எதுக்கு இம்புட்டுக் கோவம்னு எனக்கு வெளங்கல. குருவம்மா தலையக் குனிஞ்சுக்கிட்டு மெதுவாச் சொன்னா.

"போன பங்குனியில நாங்க வேல பாக்குற செட்டுல ஒரு ரூம்பு வெடிச்சுப் போச்சுக்கா. எங்கூட ஒரே சாக்கு விரிச்சு உக்காந்து வேல பாத்தவ சுப்புத்தாயி. அன்னைக்கி ஆளு பத்தலைன்னு போர்மேன் அவளப் பக்கத்து ரூம்புக்கு மாத்திவிட்டாரு. நான் ஓடுனேன். அவ வரல. அதுல இருந்து வேன்ல ஏறவே பயமா இருக்குக்கா. சாயங்காலம் எறங்குனாத்தான் மூச்சு வருது."

"சரி, அக்காவே சாட்சி"ன்னு எந்திரிச்சாரு வெள்ளைத்துரை. "நீ பரீட்சையில பாஸாயிரு. நான் ஒண்ணும் சொல்லல, பைய எடுத்துக்கிட்டு ஊர் ஊராப் போ. பாஸாகல, பூஜ அன்னைக்கி வாயத் தொறக்காம எங்கூட வேன்ல ஏறணும். சரிதானா?"

"சரி"ன்னா குருவம்மா. அந்த ஒரு வார்த்தைய மட்டும் நல்லா சத்தமாச் சொன்னா.

பரீட்சை விருதுநகர்ல ஒரு பள்ளிக்கூடத்துல. மொத நாளு பெஞ்ச மழையில மைதானத்துல கணுக்கால் தண்ணி. ரோட்டுக்கு அங்கிட்டு மொளகா வத்தல் கடைக. காத்தடிச்சா கண்ணு எரியும், தும்மல் வரும். வெள்ளைத்துரையும் கூட வந்திருந்தாரு. "பஸ்ஸுல தூங்கிட்டு மதுரைக்குப் போயிருவா"ன்னு ஒரு சாக்கு. எங்கள உள்ள அனுப்பிட்டு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் தள்ளி ஒரு டீக்கடையில போயி உக்காந்துட்டாரு.

பட்டாசு ஊர்க்காரிக ஒம்பது பேரும் யாரும் சொல்லாமலே செருப்ப வெளியக் கழட்டிட்டு வந்து, வாசலை ஒட்டுன பெஞ்சுகளாப் பாத்து உக்காந்தாக. கம்பெனிப் பழக்கம். நான் குருவம்மாவுக்கு இந்தப் பக்கம், ஜன்னலோரம். பேப்பரக் குடுத்தாக. பாத்தா எல்லாம் படிச்சதுதான். நான் அவளைப் பாத்தேன், அவ என்னையப் பாத்து லேசாச் சிரிச்சா. வெரசா எழுத ஆரம்பிச்சா. எனக்கு முன்னால ரெண்டாம் பக்கம் திருப்பிட்டா.

டமார்னு ஒரு சத்தம். ஜன்னக் கதவு அதிருச்சு.

"என்னாது?"ன்னு நான் தலையத் தூக்குறேன், பக்கத்துப் பெஞ்சுல ஆளக் காணோம். ஒம்பது பேத்துல ஒருத்தியக்கூடக் காணோம். ஒரு கூப்பாடு இல்ல, ஒரு பெஞ்சு நகரல. டவுன்காரக நாங்க அம்புட்டுப் பேரும் பேனாவப் பிடிச்சபடி முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்கோம்.

பட்டாசுக் கம்பெனிக்கு மொத நாள் போறவளுக்கு மொதப் பாடம் இதுதானாம். சத்தம் கேட்டா என்னன்னு பாக்காத. எதையும் எடுக்காத. யாரையும் கூப்பிடாத. சத்தம் வந்த பக்கத்துக்கு எதுத்த தெசையில ஓடு. நின்னு பாத்தவ யாரும் வந்து கதை சொன்னதில்லை. பெறகு முத்துப்பேச்சிதான் இத எனக்குச் சொன்னா.

கேட்டுக்கு நேரா ரோட்டுல மல்லி மூட்டை ஏத்துன லாரிக்கு டயரு வெடிச்சிருக்கு. அம்புட்டுத்தான் சங்கதி. ஜன்னல் வழியாப் பாத்தேன். ஒம்பது பேரும் மைதானத்து அந்தக் கோடிச் சொவத்துக்கிட்ட, தண்ணிக்குள்ள வெறுங்காலோட நிக்காக. குருவம்மா ஒவ்வொருத்தியா தோளத் தொட்டுத் தொட்டு எண்ணுறா. எனக்கு எழுபது வயசானாலும் மறக்காது அந்தக் குரலு. வகுப்புல கேக்காத குரலு மைதானம் பூராக் கேட்டுச்சு.

"முத்துப்பேச்சி வந்துட்டா. அய்யம்மா வந்துட்டா. சுப்புத்தாயி எங்க? ஏ சுப்புத்தாயி! எல்லாரும் வந்தாச்சு, சுப்புத்தாயி மட்டும் வரலையே!"

சொல்லிட்டு ஹாலப் பாத்துத் திரும்பி ஓடி வாரா. முத்துப்பேச்சி பாஞ்சு இடுப்பப் பிடிச்சுக்கிட்டா. "ஏட்டி, இது பள்ளிக்கூடம்டி! சுப்புத்தாயி போயி எட்டு மாசமாச்சுடி! என்னையப் பாரு, என்னையப் பாரு!"

அந்நேரம் கேட்டுப் பக்கமிருந்து தண்ணியச் சிதறடிச்சுக்கிட்டு ஒரு ஆளு ஓடி வந்தது. வெள்ளைத்துரை. நடு மைதானத்துல அப்பிடியே நின்னுட்டாரு. அவ கூப்பிட்ட பேரு அவரு காதுலயும் விழுந்திருக்கு.

பரீட்சை நடத்துன சாரு வாசல்லயே மறிச்சுட்டாரு. வெளிய போனவுக உள்ள வரக்கூடாது, அதான் சட்டமாம். நான் எந்திரிச்சுக் கத்தினேன். "சார், டயரு வெடிச்சதுக்கு அவுக என்ன பண்ணுவாக? பேப்பரா தூக்கிட்டுப் போனாக? வெறுங்கையோட நிக்காகளே, கண்ணு தெரியலையா?"

"எனக்கும் மனசு கேக்கலம்மா. ஒருத்தருக்கு விட்டா நாளைக்கு நான் பதில் சொல்லணும். தை மாசம் மறுபடி எழுதட்டும், அதுக்கு நானே சொல்லி விடுறேன். நீங்க உக்காந்து எழுதுங்க, இல்லேன்னா நீங்களும் போகணும்"னாரு.

லட்சுமிகாந்தம் சாரும் ஓடி வந்து கெஞ்சிப் பாத்தாரு, நடக்கல. நான் உக்காந்து எழுதுனேன். ஆத்திரத்துல என்ன எழுதுனேன்னு எனக்கே தெரியாது, அல்லா புண்ணியத்துல பாஸாயிட்டேன். தையில குருவம்மா எழுதி என்னையவிட மார்க்குக் கூட வாங்குனா. அது இருக்கட்டும். அன்னைக்கி அது யாருக்குத் தெரியும்?

பரீட்சை முடிஞ்சு வெளிய வந்தேன். பள்ளிக்கூடத் தண்ணித்தொட்டிக்குப் பக்கத்துல எல்லாரும் உக்காந்திருந்தாக. குருவம்மா ஒரு ஓரத்துல, அவளுக்குக் கொஞ்சம் தள்ளி வெள்ளைத்துரை. நான் போயி அவ கையப் பிடிச்சேன். ஐஸ் மாதிரி இருந்துச்சு.

"தையில எழுதலாம்னு சொல்லிட்டாரும்மா. எல்லாம் தெரிஞ்ச கேள்விதானே."

"அதுக்குள்ள பூஜ வந்துரும்க்கா"ன்னா. "சொன்ன சொல்லு சொன்னதுதான. ஏறிருவேன்." புருசனப் பாக்காமலே சொன்னா.

முத்துப்பேச்சி வெள்ளைத்துரையோட கையக் காட்டி, "அண்ணே, அது என்னது கையில?"ன்னு கேட்டா. பாத்தா டீ கிளாசு. டீ ஒரு சொட்டு இல்ல, கிளாச மட்டும் இறுக்கிப் பிடிச்சிருக்காரு. அதை அவரே அப்பத்தான் பாக்காரு. ரெண்டு பேரு சிரிச்சாக.

குருவம்மா சிரிக்கல. கிளாசயும் அவரயும் மாறி மாறிப் பாத்தா.

"நீக எங்கன இருந்தீக?"

"டீக்கடையில."

"டீக்கட பஸ் ஸ்டாண்டு பக்கமில்ல இருக்கு? சத்தம் பள்ளிக்கூடக் கேட்டுக்கு முன்னாலயில்ல கேட்டுச்சு?"

"ஆமா."

"அப்ப எதுக்கு இந்தப் பக்கம் ஓடியாந்தீக?"

மருந்து ரூம்புல பதினஞ்சு வருசம் வேலை பாத்த ஆளு. அந்தப் பாடத்த எத்தனையோ பேருக்குச் சொல்லிக் குடுத்த ஆளு. லாரியத் தாண்டித்தான் ஓடி வந்திருக்காரு, டயரு கிழிஞ்சு தொங்குறதக் கூடப் பாக்கல.

"நீ உள்ள இருந்தியில்ல"ன்னாரு.

அதுக்கு மேல என்னையப் பாத்துத்தான் பேசுனாரு. அவளப் பாத்துப் பேச முடியலபோல.

"பங்குனியில நானும் ஓடுனேன்க்கா. சத்தம் வந்தது இவ செட்டுப் பக்கம். நான் எதுத்த தெசையில ஓடுனேன். வேலி தாண்டி நின்னு எளப்பாறும்போதுதான், இவ உள்ள இருக்காளேன்னு நெனப்பே வந்துச்சு. பெறகு இவ வந்துட்டா, முகத்துல கரியோட என் முன்னால வந்து நின்னா. நான் எங்கன இருந்தேன்னு ஒரு வார்த்த கேக்கல. கேட்டிருந்தாக்கூடத் தேவலை. அதுல இருந்து இவ பயம்னு சொன்னாலே எனக்கு ஆத்திரமா வரும். எம் மொகத்துலயே துப்புற மாதிரி இருக்கும்க்கா."

கண்ணு கலங்கிப் போச்சு மனுசனுக்கு. தோள்ல கெடந்த துண்டால தொடச்சுக்கிட்டாரு. அய்யம்மா மூக்கச் சிந்துனா. வத்தல் நெடியினாலன்னு அவ சொன்னத யாரும் நம்பல.

"நான் ஒங்கள ஒண்ணும் நெனைக்கலையே"ன்னா குருவம்மா. "ஓடுனதுனாலதான் இன்னைக்கி இருக்கீக. நின்னிருந்தா நானும் பிள்ளையும் என்ன ஆயிருப்போம்?"

சொல்லி முடிச்சுட்டு அவளே தெகைச்சுப் போயி என்னையப் பாத்தா. ஏஜெண்டு வகுப்புல நூறு மணி நேரமும் அவ வாயில வராம நின்ன கேள்வி அது.

வெள்ளைத்துரை எந்திரிச்சாரு. "பூஜைக்கி நான் மட்டும் போறேன். நீ புஸ்தகத்தப் படி."

"நான் பாஸாகலையே?"

"தையில ஆவ."

"அப்பயும் ஆகலைன்னா?"

"அதுக்கடுத்த மாசம் எளுது. நாலு தடவ எளுது. வேன்ல மட்டும் ஏறாத. இப்பிடிப் பயந்து நிக்கிறவள இம்புட்டு நாளும் நானே வேன்ல ஏத்திக் கூட்டிட்டுப் போயிருக்கேன், பாத்துக்கோ."

குருவம்மா அப்பத்தான் அழுதா. முந்திய வாயில அடைச்சுக்கிட்டு, உள்ள கெடந்ததெல்லாம் வெளிய வாற மாதிரி அழுதா. நாங்க யாரும் தேத்தல. அழுகட்டும்னு விட்டுட்டோம்.

ரோட்டுல டீக்கடைக்காரரு கிளாசத் தேடி கேட்டுக்கே வந்துட்டாரு. "ஏய்யா, காசும் குடுக்கல, கிளாசயும் தூக்கிட்டு வந்துட்ட!" வெள்ளைத்துரை கிளாசக் குடுத்து, பைக்குள்ள தடவிக் காசக் குடுத்துட்டு வந்தாரு. வந்தவரு உக்காரல. எங்கிட்ட வந்து, மத்தவுகளுக்குக் கேக்காம இருக்கணும்னு குரலத் தாழ்த்திக் கேட்டாரு. எல்லாருக்கும் கேட்டுச்சு.

"ஏக்கா, இந்தப் பரீட்சைய ஆம்பளைகளும் எளுதலாம்ல? எம்புட்டுப் படிச்சிருக்கணும்?"

"பத்தாவது, தம்பி."

"நான் எட்டாவதுல நின்னவன்."

"பத்தாவதத் தனியா எழுதிக்கலாம். வயசெல்லாம் கேக்க மாட்டாக."

"எனக்குப் படிப்பு ஏறுமாக்கா?"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள குருவம்மா முகத்தத் தொடச்சுக்கிட்டு எந்திரிச்சா. ஹால் வாசல்ல கெடந்த செருப்ப எடுத்து மாட்டிக்கிட்டு வந்தா.

"ஏறும். நாஞ் சொல்லித் தாரேன்"னா. "பஸ்ஸுக்கு நேரமாச்சு, வாங்க."